தார் என்றால் எந்தத் தார்? மரத்துக்குப் பூசும் முன் கேட்க வேண்டிய கேள்வி!

‘தென்னை மரத்தின் அடிப்பகுதியில் செம்பழுப்பு நிறத்தில் தண்ணீர் வடிகிறது. செதுக்கிவிட்டுத் தார் பூசச் சொன்னார்கள். ரோடு போட்ட இடத்தில் மிச்சம் கிடந்த தாரை வாங்கி வைத்திருக்கிறேன். அதை உருக்கிப் பூசலாமா?’

போடிநாயக்கனூர் பக்கம் உள்ள சிலமலையிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. ‘பூசக் கூடாது’ என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால், இந்தக் குழப்பம் அவர் ஒருவருக்கு மட்டும் உள்ளது அல்ல. அடிவாரத்தில் தென்னை, மா, இலவம் வைத்திருப்பவர்களும் மேலே மலையில் ஏலம், மிளகு போட்டிருப்பவர்களும் ஏதோ ஒரு வேலைக்குத் தாரைக் கையில் எடுக்கத்தான் செய்கிறார்கள். கடையில் ‘தார் கொடுங்க’ என்று கேட்டால் ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொரு பொருள் கிடைக்கிறது. அதில் ஒன்று மரத்தைக் காப்பாற்றும். இன்னொன்று பட்டையைச் சுட்டு, மரத்தையே பட்டுப்போக வைக்கும். எனவே, தார் என்பது என்ன, அது எங்கிருந்து வருகிறது, எந்தத் தாரை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதையெல்லாம் விரிவாகவே பார்த்துவிடுவோம்.

ஒரே பெயர்... நான்கு பொருள்கள்!

‘தார்’ என்ற சொல் தமிழுக்குப் புதிது அல்ல. மாலைக்குத் தார் என்று பெயர். வாழைக்குலை நமக்கு வாழைத்தார். உழவு மாட்டை அதட்டும் ஆணி வைத்த கோல், தார்க்குச்சி. ஆனால், கறுப்பாக ஒட்டும் தார், ஆங்கிலத்திலிருந்து வந்து சேர்ந்த சொல். ஆங்கிலத்தில் அந்தச் சொல், மரத்தைக் குறிக்கும் சொல்லோடு ஒரே வேரில் பிறந்தது என்கிறார்கள் சொல்லாராய்ச்சியாளர்கள். மரத்திலிருந்து எடுக்கப்பட்டதுதான் முதல் தார் என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி. நாம் களத்தில் விரிக்கும் தார்ப்பாய்க்கும் அந்தப் பெயர் இப்படித்தான் வந்தது. அந்தக் காலத்தில் முரட்டுத் துணியில் தார் பூசி, தண்ணீர் இறங்காத பாயாக்கினார்கள். இன்று பிளாஸ்டிக்கில் வரும் தார்ப்பாயில் ஒரு சொட்டுத் தார்கூட இல்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நம்மிடம் இதற்கு வழங்கிய பழைய சொல், கீல். தாருக்கும் அதைப்போல் ஒட்டி அடைக்கும் பிசினுக்கும் கீல் என்று பெயர். அதிலிருந்துதான் ரோட்டுத் தாருக்கு ‘நிலக்கீல்’ என்று பாடநூல்களில் பெயர் வைத்தார்கள். கதவுக் கீலும், மூட்டைப் பிடிக்கும் கீல்வாயுவும் வேறு பொருளில் வரும் சொற்கள்.

பெயர்களை விட்டுவிட்டுப் பிறப்பைப் பார்த்தால் கணக்கு எளிது. உயிருள்ள மரம் காயம்பட்டால் விடுவது பிசின். செத்த மரம் காற்றில்லாமல் வெந்தால் விடுவது மரத்தார். பூமிக்குள் புதைந்த பழங்கால மரமான நிலக்கரியை அதேபோல் வேகவைத்தால் கிடைப்பது கோல்தார். கச்சா எண்ணெயைக் காய்ச்சி பெட்ரோல், டீசல் எல்லாம் எடுத்த பிறகு அடியில் தங்குவது ரோட்டுத் தார். பார்ப்பதற்கு எல்லாம் கறுப்பு. குணம் மட்டும் வேறு வேறு.

மரத்தார்: ஏலக்காய் ஸ்டோரில் ஊறும் தார்!

மரத்தார் எடுப்பதற்குப் பெரிய ஆலை எதுவும் தேவையில்லை. நம் சித்த மருத்துவத்தில் ‘குழித்தைலம்’ என்று ஒரு முறை இருக்கிறது. குழி தோண்டி அதில் ஒரு பாத்திரத்தை வைப்பார்கள். அதன்மேல், அடியில் ஓட்டை போட்ட இன்னொரு பானையை வைத்து, அதற்குள் தேங்காய்ச் சிரட்டைத் துண்டுகளைப் போட்டு, வாயை மூடிச் சீலைமண் பூசுவார்கள். மேல் பானையைச் சுற்றி வறட்டியை அடுக்கித் தீ வைப்பார்கள். உள்ளே காற்று இல்லாததால் சிரட்டை எரியாது, வேகும். அதிலிருந்து கசியும் கருஞ்சிவப்பு எண்ணெய், ஓட்டை வழியாகக் கீழ்ப் பாத்திரத்தில் சொட்டும். அதுதான் படர்தாமரைக்குப் பூசும் சிரட்டைத் தைலம். பெயர் தைலமாக இருந்தாலும் பிறப்பால் அது தார்தான். சுவீடன், பின்லாந்து நாடுகளில் பைன் மர வேர்களைக் குழியில் அடுக்கி எரித்து, பீப்பாய் பீப்பாயாகக் கப்பல்களுக்குத் தார் எடுத்ததும் இதே தத்துவத்தில்தான்.

மரத்தை இப்படி வேகவைக்கும்போது நான்கு பொருள்கள் பிரிகின்றன. எரியும் வாயு, புளிப்பு நெடியுள்ள தண்ணீர், தார், கடைசியில் மிஞ்சும் கரி. அந்தப் புளிப்புத் தண்ணீரைத்தான் இப்போது ‘மர வினிகர்’ என்று பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள்.

இந்தத் தார், ஏல விவசாயிகளின் ஸ்டோரிலும் தினமும் உற்பத்தியாகிறது. பச்சை ஏலக்காயில் சுமார் 80 சதவிகிதம் ஈரப்பதம் இருக்கும். அதை 10 முதல் 12 சதவிகிதத்துக்குக் கொண்டுவர, 45 முதல் 55 டிகிரி வெப்பத்தில் மணிக்கணக்கில் உலர்த்துகிறோம். விறகு அடுப்பு வைத்த ஸ்டோரில், புகை போகும் தகரக் குழாய் அறைக்குள் வளைந்து சென்று வெளியேறும். காய்ந்த விறகு நன்றாக எரிந்தால் புகை குறைவு. ஈர விறகைப் போட்டு, காற்றையும் அடைத்து வைத்தால், விறகு எரிவதற்குப் பதிலாக வேகும். அப்போது கிளம்பும் தார் ஆவி, குழாயின் குளிர்ந்த பகுதியில் பட்டு, கறுப்புப் பிசுக்காக உள்ளே படியும்.

இதனால் இரண்டு நஷ்டங்கள். முதலாவது, குழாய் மூட்டில் சின்ன விரிசல் இருந்தாலும் புகை அறைக்குள் கசிந்து, காயில் புகை வாடை ஏறிவிடும். ஏலக்காய்க்கு விலையே நிறத்துக்கும் மணத்துக்கும்தான். போடி ஏலத்தில் காயை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும் வியாபாரிக்கு அந்த வாடை முதல் மூச்சிலேயே தெரிந்துவிடும். இரண்டாவது, குழாய்க்குள் படிந்த தார், தீப்பிடிக்கக்கூடிய பொருள். அடுப்பு அளவுக்கு மீறிச் சூடேறும் நாளில் குழாய்க்குள்ளேயே பற்றிக்கொள்ளும். எனவே, விறகை ஒரு பருவம் முன்கூட்டியே வெட்டி, கூரைக்குள் அடுக்கிக் காயவிடுங்கள். ஒவ்வோர் எடுப்புக்கு முன்பும் குழாயைக் கழற்றிச் சுரண்டுங்கள். மூட்டுகளில் களிமண்ணை அப்பி, புகை கசிகிறதா என்று பார்த்த பிறகே காயைத் தட்டில் பரப்புங்கள். சுரண்டிய கறுப்புப் பிசுக்கை ஏலத் தூரில் கொட்டாதீர்கள். அது உரம் ஆகாது.

குங்கிலியம்: மரம் தனக்குத்தானே போடும் மருந்து

தாருக்கு முன்பே நம் நாட்டில் தாரின் வேலையைச் செய்தது குங்கிலியம். ஏலத் தோட்டத்து நிழல் மரங்களில் கருங்குங்கிலிய மரமும் ஒன்று. பட்டையில் காயம்பட்டால் பிசின் கசிந்து, காற்றுப் பட்டு இறுகி, கண்ணாடி போல் பளபளக்கும் கறுப்புக் கட்டியாகிறது. மேற்குத்தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் வளரும் வேறொரு மரத்திலிருந்து கிடைப்பது வெள்ளைக் குங்கிலியம். தேனைப் போலவே குங்கிலியத்தையும் மலைவாழ் மக்கள் காலங்காலமாகச் சேகரித்து வந்திருக்கிறார்கள்.

கடற்கரையில் தோணி கட்டியவர்கள், பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மேலே பூசித் தண்ணீரை அடைத்தார்கள். இந்த வேலைக்குக் கலப்பற்று என்று பெயர். வணிகத்தில் குங்கிலியத்துக்கு வழங்கும் ‘டாமர்’ என்ற பெயர், பிசினைக் குறிக்கும் மலாய் மொழிச் சொல். கோயிலில் போடும் தூபமும் இதே வகைதான். மனைவியின் தாலியைக் கொடுத்து நெல் வாங்கப் போனவர், அதற்குக் குங்கிலியம் வாங்கிச் சிவனுக்குத் தூபமிட்டதாகக் குங்கிலியக்கலய நாயனாரின் கதை சொல்கிறது. அந்த அளவுக்கு அது மதிப்புள்ள சரக்காக இருந்திருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வேலம்பிசின், முருங்கைப்பிசின், பாதாம்பிசின் ஆகியவை தண்ணீரில் ஊறும். இவை கோந்து வகை. குங்கிலியம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். மரம் இதைச் சுரப்பது நமக்காக அல்ல. தன் காயத்தை அடைத்து, பூஞ்சையும் பூச்சியும் உள்ளே நுழையாமல் தடுப்பதற்காக. குங்கிலியத்துக்காக அடிமரத்தை ஆழமாகக் கொத்தி, சுற்றிலும் தீ மூட்டும் பழைய முறையில் பிசின் நிறைய வரும். ஆனால், மரம் நலிந்துபோகும். நிழலுக்காக வைத்திருக்கும் மரத்தில் அந்த வேலை கூடவே கூடாது. பட்டையில் தானாக வடிந்து இறுகியதைச் சுரண்டி எடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கோல்தார்: அவுரியை வீழ்த்திய கறுப்பு எண்ணெய்

இரும்பு ஆலைகளில் நிலக்கரியைக் காற்றில்லாத சூளையில் சுட்டு, ‘கோக்’ என்ற கரியாக மாற்றுகிறார்கள். அப்போது துணைப்பொருளாக வடிவதுதான் கோல்தார். ஒரு காலத்தில் இது யாருக்கும் வேண்டாத கழிவாக இருந்தது. 1856-ம் ஆண்டு இங்கிலாந்தில் வில்லியம் பெர்கின் என்ற இளைஞர், கோல்தாரிலிருந்து கிடைத்த பொருளை வைத்து மலேரியா மருந்து செய்ய முயன்றபோது, எதிர்பாராமல் ஊதாச் சாயம் கிடைத்தது. அங்கிருந்து சாயத் தொழிலே திசை மாறிவிட்டது. 1897-ம் ஆண்டு ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப் நிறுவனம், கோல்தார் வழிவந்த மூலப்பொருளிலிருந்து செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வங்காளத்திலும் பீகாரிலும் நம் சென்னை மாகாணத்திலும் அவுரி பயிரிட்டு நீலம் காய்ச்சிய தொழில், அடுத்த சில ஆண்டுகளில் சரிந்து விழுந்தது. திண்டிவனம் பக்கம் இன்றைக்கும் அவுரி போடுபவர்கள் இருக்கிறார்கள் என்றால், அது இயற்கைச் சாயத்துக்கு மறுபடியும் வந்திருக்கும் மரியாதையால்தான்.

கோல்தாரில் பூஞ்சையைக் கொல்லும் பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் முக்கியமானது கார்பாலிக் அமிலம். 1865-ம் ஆண்டு ஜோசப் லிஸ்டர் என்ற மருத்துவர், அறுவை சிகிச்சைப் புண் அழுகாமல் இருக்க முதலில் பயன்படுத்தியது இதைத்தான். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைச் சுட்டு ‘லெகோ’ கரி தயாரித்த காலத்தில் அங்கேயும் கார்பாலிக் அமிலம் துணைப்பொருளாகக் கிடைத்தது. மாட்டுக் கொட்டகையில் தெளிக்கும் கறுப்புப் பினாயிலும், இளம் தென்னையில் காண்டாமிருக வண்டைத் தடுக்க மட்டை இடுக்கில் வைக்கும் அந்துருண்டையும் கோல்தார் குடும்பத்தில் பிறந்தவைதான். வேளாண்மைப் பல்கலைக்கழகக் கையேடுகளில் ‘தார் பூசவும்’ என்று வரும் இடங்களில் குறிப்பிடப்படுவது இந்தக் கோல்தாரைத்தான், ரோட்டுத் தாரை அல்ல.

ரோட்டுத் தார்: மரத்துக்கு ஆகாது!

ரோட்டுத் தாரின் சரியான பெயர் பிட்டுமன். இயற்கையாகவும் இது கிடைப்பதுண்டு. டிரினிடாட் தீவில் சுமார் 100 ஏக்கருக்கு ஒரு தார் ஏரியே இருக்கிறது. மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தில் தண்ணீர் கசியாமல் இருக்க, செங்கல் சுவரில் இயற்கைத் தாரைப் பூசியிருந்தார்கள். இன்றைக்கு நமக்கு வருவது சென்னை மணலி போன்ற இடங்களில் உள்ள சுத்திகரிப்பு ஆலைகளின் அடிவண்டல். போடிமெட்டுக்கு ஏறும் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஓடுவது இந்தத் தார்தான். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர்.வாசுதேவன், பிளாஸ்டிக் கழிவைச் சூடான ஜல்லிமேல் உருகவைத்து, அதனோடு தாரைக் கலந்து ரோடு போடும் முறையைக் கண்டுபிடித்தார். அதற்காக 2018-ம் ஆண்டு பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

ஜல்லியைப் பிணைப்பதில் பிட்டுமனுக்கு ஈடு இல்லை. ஆனால், அதற்குப் பூஞ்சையைக் கொல்லும் குணம் கிடையாது. குளிர்ந்தால் கட்டியாகிவிடும். ரோடு போடும்போது அதை 150 டிகிரிக்கு மேல் காய்ச்சுகிறார்கள். மரத்தின் உயிருள்ள திசு 60 டிகிரிச் சூட்டைக்கூடத் தாங்காது. உருக்கிய ரோட்டுத் தாரைக் காயத்தில் ஊற்றினால், காயத்தைச் சுற்றியுள்ள நல்ல பகுதியும் வெந்துபோகும். இறுகிய பிறகு வெயிலில் வெடித்து விரிசல் விடும். அந்த விரிசலுக்குள் மழைத் தண்ணீர் இறங்கி, வெளியே வர வழியில்லாமல் தங்கி, உள்ளே அழுகல் தொடரும். மேலே பார்த்தால் கறுப்பாகக் காய்ந்து சுத்தமாகத் தெரியும். சிலமலை வாசகருக்கு நாம் ‘கூடாது’ என்று சொன்னதற்குக் காரணம் இதுதான்.

வாங்கியது எது? நீங்களே சோதிக்கலாம்

முதல் சோதனை, நிலை. கோல்தார் தேன்பாகு போல் ஓடும். ரோட்டுத் தார் குளிர்ந்த நிலையில் கட்டியாக இருக்கும்.

இரண்டாவது, வாடை. கோல்தாரில் அந்துருண்டையும் பினாயிலும் கலந்த நெடி மூக்கில் ஏறும். குளிர்ந்த ரோட்டுத் தாரில் அந்த நெடி இருக்காது.

மூன்றாவது, கரைசல். சுண்டைக்காய் அளவு எடுத்து, கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றிப் போட்டு, அரை மணி நேரம் வையுங்கள். ரோட்டுத் தார் கரைந்து டிக்காஷன் போல் கறுப்பாகும். கோல்தார் சரியாகக் கரையாது. மேலே நிற்கும் மண்ணெண்ணெய், வெளிர் டீத்தண்ணீர் நிறத்தில்தான் இருக்கும்.

இரும்புக் கதவுக்கு அடிக்கும் கறுப்பு பெயின்ட்டையும் சில கடைகளில் தார் என்று கொடுப்பார்கள். அதுவும் பெரும்பாலும் பிட்டுமன் கலந்ததுதான். டப்பாவின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.

தென்னைக்குத் தார்... மாவுக்கு வேண்டாம்... ஏன்?

மா, பலா, நிழல் மரங்கள் ஆகியவற்றில் பட்டைக்குக் கீழே வளரும் திசு வளையம் இருக்கிறது. கிளையை வெட்டினால் அந்த வளையம் ஓரத்திலிருந்து தடித்து வளர்ந்து, சில ஆண்டுகளில் காயத்தை மூடிவிடும். உள்ளே அழுகல் பரவாமல் மரமே சுவர் எழுப்பிக்கொள்ளும். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ என்ற ஆராய்ச்சியாளர், ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து இதை விளக்கினார். காயத்துக்குப் பூசும் பூச்சுகளை 13 ஆண்டுகள் சோதித்து அவரும் உடன் ஆய்வாளரும் 1983-ம் ஆண்டு வெளியிட்ட முடிவு, பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை என்பதுதான்.

தென்னை அப்படி அல்ல. அது புல் இனத்தின் உறவுக்காரன். அதற்கு அந்த வளரும் வளையமே கிடையாது. தென்னையில் விழுந்த காயம் கடைசி வரை காயம்தான். ஏறுவதற்கு வெட்டிய படி, கடப்பாரை பட்ட தழும்பு, டிராக்டர் உரசிய இடம் எல்லாம் அந்த மரம் இருக்கும் வரை அப்படியே இருக்கும். வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும். அதனால்தான் தென்னைக்கு மட்டும் வெளியிலிருந்து ஒரு மூடி தேவைப்படுகிறது. பச்சை மட்டையை வெட்ட நேர்ந்தால் 4 அடி மட்டையை விட்டு வெட்டச் சொல்வதும், காயம் மரத்தோடு சேர்ந்துவிடாமல் இருக்கத்தான்.

சாறு வடிதல்: என்ன செய்ய வேண்டும்?

அடிமரத்தில் விரிசல் விட்டு, செம்பழுப்புச் சாறு வடிந்து, காய்ந்து கறுப்பாவது சாறு வடிதல் நோய். இது ஒரு பூஞ்சையால் வருவது. மரம் விடும் பிசின் என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. தென்னை பிசின் விடாது. வடிவது, உள்ளே அழுகும் திசுவின் சாறு.

மழையில்லாத நாளாகப் பார்த்து, கூர்மையான உளியால் அழுகிய பகுதி முழுவதையும், நல்ல திசு தெரியும் வரை செதுக்கி எடுங்கள். செதுக்கிய துண்டுகளைத் தோப்பிலேயே போடாமல் தூரத்தில் கொண்டுபோய் எரித்துவிடுங்கள். மரத்தடியில் எரிக்கக் கூடாது.

அடுத்து, 10 சதவிகித போர்டோ பசை. 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 10 லிட்டர் தண்ணீர். இரண்டையும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரத்தில் கரைத்து, பிறகு கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. கலந்த பசையில் அரிவாள் நுனியை விட்டு எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். காயத்தில் இந்தப் பசையைப் பூசி, ஓரிரு நாள்கள் காயவிடுங்கள்.

அது காய்ந்த பிறகு, கோல்தாரைச் சூடாக்காமல், பிரஷ்ஷால் மெல்லிய பூச்சாகக் கொடுங்கள். இந்த இடத்தில் தாரின் வேலை மருந்து அல்ல, மூடி. வண்டு உள்ளே போகாமல், மழைத் தண்ணீர் இறங்காமல் தடுக்கிறது. மரத்துக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு வைத்து, கோடையில் தண்ணீர் குறையாமலும் மழைக்காலத்தில் தேங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இயற்கை முறையில் செய்பவர்கள், செதுக்கிய இடத்தில் டிரைக்கோடெர்மா பசை பூசுகிறார்கள். நல்ல முறைதான். ஆனால், அதன்மேல் கோல்தார் பூசாதீர்கள். போர்டோ பசையையும் சேர்க்காதீர்கள். டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சை. பூஞ்சையைக் கொல்லும் பொருளை அதன்மேல் பூசினால், வைத்த மருந்தை நாமே கொன்றதாகிவிடும்.

பழைய கையேடு வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதில் தாரோடு சேர்த்து டிரைடெமார்ஃப், கார்பரில் என்ற இரண்டு மருந்துகளின் பெயர்கள் வரும். இரண்டையும் மத்திய அரசு 2018-ம் ஆண்டு தடை செய்துவிட்டது. மாற்று மருந்துக்கும் அதன் அளவுக்கும் காமாட்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியையோ கேளுங்கள்.

மாவிலும் நிழல் மரத்திலும்...

கல்லாமையோ, காசாலட்டோ... கவாத்து செய்த வெட்டுக்குத் தார் தேவையில்லை. தண்ணீர் தங்காதபடி சாய்வாக, பட்டை கிழியாமல் வெட்டி, போர்டோ பசை பூசினால் போதும். ஒரே விதிவிலக்கு தண்டுத் துளைப்பான். வண்டு அடிமரத்தில் முட்டை வைக்காமல் இருக்க, உதிரும் பட்டையைச் சுரண்டிவிட்டு, தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்கு 1 பங்கு கோல்தார், 2 பங்கு மண்ணெண்ணெய் கலந்து பூசும் பரிந்துரை உண்டு. வளர்ந்த, தடித்த பட்டையுள்ள மரத்துக்கு மட்டும்தான் இது. இளங்கன்றில் பூசினால் பட்டை வெந்துவிடும். துளையிலிருந்து மரத்தூள் கொட்டினால், பூச்சு மட்டும் போதாது. கம்பியை விட்டுப் புழுவை எடுத்துவிட்டு, துளையைக் களிமண்ணால் அடைக்க வேண்டும்.

ஏலத் தோட்டத்தில் மழைக்கு முன்பு நிழல் கழிக்கும்போது, வெட்டிய கிளை முனைகளில் தார் பூசும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதை விட்டுவிடலாம். மிளகுக் கொடி ஏறியிருக்கும் மரத்தில் கோல்தார் பூசவே கூடாது. பட்டையைப் பிடித்துக்கொண்டு ஏறும் கொடியின் வேர், தார் பட்ட இடத்தில் கருகிவிடும்.

கையில் படாமல்...

கோல்தார் சாதாரணச் சரக்கு அல்ல. புகைபோக்கி சுத்தம் செய்யும் தொழிலாளிகளுக்குப் புகைக்கரியால் புற்றுநோய் வருகிறது என்று 1775-ம் ஆண்டிலேயே லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் எழுதினார். 1915-ம் ஆண்டு ஜப்பானில் யாமகிவா, இச்சிகாவா என்ற இருவர், முயலின் காதில் திரும்பத் திரும்பக் கோல்தார் பூசி, புற்றுநோய் உண்டாவதை நிரூபித்தார்கள். ஒரு நாள் பூசியதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால், வருடம் முழுவதும் கூலிக்குப் பூசுபவர் நம் ஆள்தான். அவருக்குக் கையுறையும் முழுக்கைச் சட்டையும் வாங்கிக் கொடுப்பது நம் கடமை. தார் பட்ட தோலில் வெயில் பட்டால் எரிச்சல் எடுத்துச் சிவக்கும் என்பதால், காலையிலோ மாலையிலோ பூசுங்கள். தோலில் ஒட்டியதை மண்ணெண்ணெயால் தேய்க்காமல், தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கிணற்று மேட்டிலும் வாய்க்கால் ஓரத்திலும் தார் டப்பாவைக் கழுவக் கூடாது.

வாசகர் கேள்விகள்

வேலிக்கு மரக்கால் ஊன்றுகிறேன். கரையான் அரிக்காமல் இருக்க எந்தத் தார் பூசலாம்?

காய்ந்த மரத்துக்குக் கோல்தார் நல்லது. முதலில் மண்ணுக்குள் போகும் பகுதியையும் அதற்கு மேல் அரை அடியையும் தீயில் லேசாகக் கருக்குங்கள். ஆறிய பிறகு, கோல்தாரை இரண்டு முறை பூசிக் காயவைத்து ஊன்றுங்கள். தரை மட்டத்தில்தான் கால் முதலில் இற்றுப்போகும். அந்த இடத்தில் பூச்சு தடிமனாக இருக்கட்டும். பச்சைக் கட்டையில் பூசினால், ஈரம் உள்ளேயே தங்கி இற்றுவிடும். இரும்புக் காலாக இருந்தால் பிட்டுமன் பெயின்ட் போதும்.

மாட்டுக்குப் புண். தார் பூசினால் ஈ மொய்க்காது என்கிறார்கள். பூசலாமா?

வேண்டாம். மாடு நக்கும்போது கோல்தார் வயிற்றுக்குள் போனால் நஞ்சாகும். புழு வைத்த புண்ணுக்குக் கால்நடை மருத்துவர்கள் டர்பன்டைன் எண்ணெயைப் பயன்படுத்துவார்கள். அது தார் அல்ல, பைன் மரப் பிசினைக் காய்ச்சி வடித்தது. அதையும் மருத்துவர் சொல்லும் முறையில்தான் பயன்படுத்த வேண்டும்.

சாம்பிராணியும் குங்கிலியமும் ஒன்றா?

இரண்டும் பிசின்தான், மரம் வேறு. கட்டிச் சாம்பிராணிக்கான பிசின், சுமத்ரா போன்ற கீழ்த்திசைத் தீவுகளில் வளரும் மரத்திலிருந்து வருவது. குங்கிலியம் நம் மலைகளிலேயே கிடைப்பது. கடையில் வாங்கும் ‘கம்ப்யூட்டர் சாம்பிராணி’ பெரும்பாலும் கரித்தூளும் வாசனையும்தான்.

ரோடு போடும் இடத்தில் பையன் கையில் சூடான தார் பட்டுவிட்டது. உடனே உரித்து எடுக்கலாமா?

உரிக்கவே கூடாது. தோலும் சேர்ந்து வந்துவிடும். ஒட்டிய தாரோடு அப்படியே 20 நிமிடங்கள் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிச் சூட்டைத் தணித்துவிட்டு, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மை, பேஸ்ட் என்று எதையும் தடவ வேண்டாம். தாரை எடுக்கும் வேலையை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.